ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம்: கொக்கல - பெர்த், 1943

புளியஞ்சோலைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மேலே தெரியுதே கொல்லிமலை, அதுக்கு இங்கிருந்து எவ்வளவு தூரம்?" யாரை வைத்துக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது பதில். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஆகாய கங்கையாக விழுகிற தண்ணீர் அய்யாறாகி நேராக நம் ஊருக்கு இறங்கி வந்துவிடுகிறது. நடந்து போகிறவர்களுக்குக் காட்டுப் பாதை இருக்கிறது, மூச்சு வாங்கும். பஸ்ஸில் போகிறவர் மலையைச் சுற்றிக்கொண்டு நாமக்கல் பக்கம் போய், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியாக வேண்டும். ஒரே மலை, மூன்று தூரம்!

விமான நிலையங்களுக்கும் இதே கதைதான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று நெட்டில் தட்டினால் ஏறக்குறைய 2,980 கி.மீ. என்றும், பயண நேரம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே என்றும் வரும். (துறையூர் பக்கத்துக் கிராமங்களில் இதை நெட் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் ஏராளம்.) அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பது ரொம்ப எளிது. பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எவ்வளவு நீளம் வருமோ அதுதான் தூரம். அதை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்துக்கொண்டால் நேரம் வந்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்குக்குள்ளே சொல்லாமல் விட்ட இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, அவ்வளவு தூரம் போக விமானத்தில் எரிபொருள் இருக்கிறது. இரண்டு, வழியில் யாரும் சுட மாட்டார்கள். இந்த இரண்டுமே சந்தேகமாக இருந்த காலத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே இரண்டு வருடம் ஓடிய ஒரு விமான சேவையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒரு முனை நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையின் தென்கோடியில் காலிக்கு அருகே கொக்கல. மறுமுனை ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் போருக்கு முந்தைய நிலவரம். 1930களில் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில் போவதென்றால் பெரிய திருவிழா மாதிரி. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸும் வழியைப் பங்கு போட்டுக்கொண்டு ஓட்டின. 1935ல் பிரிஸ்பேனிலிருந்து லண்டன் போய்ச்சேர பன்னிரண்டரை நாள் ஆனது. பகலில் மட்டும் பறப்பது, இரவு இறங்கி ஓட்டலில் தூங்குவது. கராச்சி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர் என்று தாவித் தாவிப் போகவேண்டும். சென்னை இந்தப் பெரிய வழியில் இல்லை. லண்டன் தபால் கராச்சியில் இறங்கியதும் அதை எடுத்துக்கொண்டு அகமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவரத்தான் டாட்டாவின் தபால் விமானம் 1932 அக்டோபர் 15 அன்று தொடங்கியது. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாட்டாவே ஓட்டி வந்தார், பம்பாயிலிருந்து சென்னை வரை நெவில் வின்சென்ட். 1938ல் தண்ணீரில் இறங்கும் பெரிய விமானங்கள் வந்தபிறகு சிட்னியிலிருந்து இங்கிலாந்து போகும் நேரம் பத்து நாளுக்குள் சுருங்கியது.

இந்தச் சங்கிலியில் முக்கியமான கண்ணி சிங்கப்பூர். 1942 பிப்ரவரி 15 அன்று அது ஜப்பானிடம் விழுந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பே, ஜனவரி 30 அன்று, திமோர் கரையருகே 'கோரியோ' என்ற குவாண்டாஸ் விமானத்தை ஜப்பானியப் போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தியிருந்தன. அது பயணிகள் விமானம். மார்ச் மாதத்தில் ஜாவா போயிற்று, ரங்கூன் போயிற்று, அந்தமானும் போயிற்று. ஒரே மாதத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே இருந்த படிக்கட்டு முழுக்க உருவப்பட்டுவிட்டது.

அந்த ஏப்ரல் மாதம் நம் பக்கமும் எப்படி இருந்தது என்பதைப் பள்ளிப் பாடப் புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஏப்ரல் 4ஆம் தேதி கொக்கல ஏரியிலிருந்து புறப்பட்ட ஒரு ரோந்து விமானம், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானின் பெரிய விமானந்தாங்கிக் கப்பல் படை வருவதைப் பார்த்துவிட்டது. ஓட்டியவர் லியனார்ட் பிர்ச்சால் என்ற கனடாக்காரர். ரேடியோவில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவரைச் சுட்டு வீழ்த்திச் சிறைப்பிடித்தார்கள். ஆனாலும் எச்சரிக்கை வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு மேல் குண்டு. 6ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ஆம் தேதி திருகோணமலை. சென்னையில் ஜப்பான்காரன் இறங்கப்போகிறான் என்று நகரமே காலியானது. மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். சென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை, செத்தது மிருகங்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் அறுந்துபோன வழியை எப்படி ஒட்டுவது? பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்கா வழியாகப் போகலாம், அது உலகத்தைச் சுற்றுகிற வேலை. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டுப் பார்த்தால், ஜப்பான் கையில் இல்லாத இரண்டு நிலப்பகுதிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி பெர்த்துக்கும் இலங்கைக்கும் இடையே விரிந்த இந்தியப் பெருங்கடல். இறங்கி எண்ணெய் போட வழியில்லை. ஒரே மூச்சில் தாண்ட வேண்டும்.

எவ்வளவு தூரம்? இங்கே ஒரு சின்னத் தகராறு. இணையத்தில் பல இடங்களில் 3,513 கடல் மைல், அதாவது 6,506 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். கொக்கல, பெர்த் இரண்டின் அட்சரேகை தீர்க்கரேகையை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 5,650 கி.மீ. வருகிறது. அது 3,513 சாதாரண மைல், கடல் மைலில் 3,050தான். யாரோ ஒருவர் மைலைக் கடல் மைல் என்று எழுதிவிட, மற்றவர்கள் அதைப் பார்த்து அப்படியே எழுதியிருக்க வேண்டும். எண்ணூறு கிலோமீட்டர் என்பது சின்ன வித்தியாசம் இல்லை, அந்த விமானத்துக்கு நாலு மணி நேரப் பறப்பு. +2 கணக்குப் பாடம் ஒருநாள் உபயோகப்படும் என்று வாத்தியார் சொன்னது இதற்குத்தான் போல :)

அந்த விமானத்தின் பெயர் கேட்டலினா. அமெரிக்கத் தயாரிப்பு, இரண்டு எஞ்சின், அடிப்பக்கம் படகு மாதிரி இருக்கும். ஓடுதளம் தேவையில்லை, ஏரியோ ஆறோ போதும். பெர்த்தில் ஸ்வான் ஆற்றிலும் கொக்கலவில் ஏரியிலும் ஏறி இறங்கியது. மணிக்கு 200 கி.மீ. தான் வேகம். மெதுவாகப் போனாலும் ரொம்ப நேரம் போகும், அதுதான் அதன் பெருமை. ஆனாலும் இந்தக் கடலைத் தாண்ட அதன் சாதாரண டாங்க் போதவில்லை. உள்ளே கூடுதல் டாங்குகள் வைத்து மொத்தம் ஏறக்குறைய 9,000 லிட்டர் பெட்ரோல் ஏற்றினார்கள். அதற்கு எடை எங்கே குறைப்பது? பனி படியாமல் தடுக்கும் கருவிகளைக் கழற்றினார்கள். உட்புறத்துத் தடுப்பு உறைகளை உரித்தார்கள். அப்படியும் புறப்படும்போது எடை 16 டன்னைத் தொட்டது, வடிவமைத்தவர்கள் நினைத்ததை விட ரொம்ப அதிகம். முதல் பல மணி நேரத்துக்கு ஒரு எஞ்சின் நின்றுபோனால் இன்னொன்றை வைத்துச் சமாளிக்க முடியாத எடை அது. எண்ணெய் தீரத் தீரத்தான் பாதுகாப்பு கூடும்.

இவ்வளவும் செய்து எத்தனை பேரை ஏற்ற முடிந்தது என்று நினைக்கிறீர்கள்? மூன்று பேர். மூன்றே பேர்! கூட 69 கிலோ தபால். அரசாங்க ரகசியக் காகிதங்களும் போர்வீரர்களின் கடிதங்களும். கடிதங்களைப் படம் பிடித்து மைக்ரோஃபிலிம் சுருளாக்கி அனுப்பினார்கள், 69 கிலோவுக்குள் நிறைய வீட்டுச் செய்தி அடங்கிவிடும். ஒரு ஆளுக்கு 3,000 லிட்டர் பெட்ரோல் எரித்து ஒரு விமான சேவை நடத்தினார்கள் என்றால், அந்த வழி திறந்திருப்பது அவர்களுக்கு எவ்வளவு அவசியமாக இருந்திருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் அரசு கொடுத்த ஐந்து கேட்டலினாக்களைக் குவாண்டாஸ் ஓட்டியது. 1943 ஜூன் மாதக் கடைசியில் தொடங்கியது சேவை. படை விமானம் இல்லை, விமானிகள் சிவிலியன்கள், விமானத்தில் துப்பாக்கி கிடையாது. சுமத்ராவிலும் ஜாவாவிலும் இருந்து கிளம்பும் ஜப்பானிய விமானங்கள் எட்டக்கூடிய பகுதியை இருட்டில் தாண்டும்படி புறப்படும் நேரத்தைக் கணக்குப் பண்ணினார்கள். வழி முழுக்க ரேடியோ மௌனம். இவர்கள் வாயைத் திறந்தால் எதிரி இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். ஆக, பெர்த்தில் ஏறிய விமானம் கொக்கலவில் கண்ணுக்குத் தெரியும் வரை, அது இருக்கிறதா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. பிர்ச்சால் பேசியதால் இலங்கை தப்பியது, இவர்கள் பேசாததால் இவர்கள் தப்பினார்கள்!

பிறகு எப்படி வழி கண்டுபிடிப்பது? நம் பாட்டன் முப்பாட்டன் மரக்கலம் ஓட்டிய அதே வழிதான், நட்சத்திரம். ஐந்து விமானங்களுக்கும் மாலுமிகள் வழி பார்க்கும் நட்சத்திரங்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள். ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரஸ், ஸ்பைகா. இவை எல்லாம் என்னவோ அந்நியப் பெயர் என்று நினைக்க வேண்டாம். ஆல்டேர் நம் திருவோணம். வேகா என்பது அபிஜித். அன்டாரஸ் கேட்டை. ஸ்பைகா சித்திரை. ரைஜல் மட்டும் நம் இருபத்தேழில் வராது, ஆனால் திருவாதிரை இருக்கும் அதே ஓரையன் கூட்டத்தில் எதிர்மூலையில் பளிச்சென்று நிற்கும். திருவோணமும் கேட்டையும் சித்திரையும் மூன்று மூன்று பேரை ஏற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடலைத் தாண்டியிருக்கின்றன என்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கிறது!

இனி நேரம். சராசரியாக 28 மணி நேரம். காற்று எதிர்த்தால் கூடும். மிக அதிகமாக ஆனது 32 மணி 9 நிமிடம். கீழே இறங்காமல், கால் நீட்ட இடமில்லாமல், குளிரில், எஞ்சின் சத்தத்தில். ஒரு முழு நாளைத் தாண்டிப் போவதால் வானத்திலேயே இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம். அதனால்தான் 'இரட்டைச் சூரிய உதயம்' என்று பெயர் வந்தது. பயணிகளுக்கு 'இரட்டைச் சூரிய உதய ரகசிய சங்கத்தில்' உறுப்பினர் என்று வேடிக்கையாக ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். இதில் இன்னொரு சுவாரசியம், பெர்த் கொக்கலவுக்கு முப்பத்தைந்தரை டிகிரி கிழக்கே இருக்கிறது. கிழக்கே போனால் சூரியன் எதிர்கொண்டு வருகிறது, சுமார் 2 மணி 20 நிமிடம் முன்னாடியே விடியும். மேற்கே போனால் அதே அளவு தள்ளிப்போகும். ஒரே தூரம், ஒரே வேகம் என்றாலும் விடியலுக்குக் காத்திருக்கும் நேரம் போகும் திசைக்கு ஏற்ப மாறும்.

1945 ஜூலை வரை மொத்தம் 271 தடவை இந்தக் கடலைத் தாண்டினார்கள். வாரத்துக்கு இரண்டரை தடவை என்று வருகிறது. ஒரு விமானமும் விழவில்லை, ஒருவரும் சாகவில்லை. மூன்று பேர் வீதம் கணக்குப் பார்த்தால் இரண்டு வருடத்தில் போனவர்கள் எண்ணூறு சொச்சத்துக்கு மேல் இருக்க முடியாது. இரண்டு ஜம்போ ஜெட்டில் ஒரே நாளில் ஏற்றிவிடலாம்.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விமானிகளின் தைரியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஒரு குறை. கொக்கல ஏரி சும்மா கிடந்த ஏரி இல்லை, அதைச் சுற்றி ஊர் இருந்தது. போர்த் தளம் அமைக்க வேண்டும் என்று குறுகிய அவகாசத்தில் மக்களைக் கிளப்பி, வீடுகளை இடித்தார்கள். அந்த ஊர்க்காரர்தான் சிங்கள இலக்கியத்தின் பெரிய எழுத்தாளர் மார்ட்டின் விக்ரமசிங்க. அவர் பிறந்த வீட்டை அதிகாரிகள் தங்க எடுத்துக்கொண்டதால் அது மட்டும் தப்பியது, இன்று அது அருங்காட்சியகம். ஒரு கிராமத்துப் பழைய வாழ்க்கை சரிந்துபோவதைச் சொல்லும் அவருடைய 'கம்பெரலிய' நாவல் வெளியானது 1944ல். கதைக்களம் கொக்கல. அப்போது அதே ஏரியில் கேட்டலினாக்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. லண்டனுக்கும் சிட்னிக்கும் தூரத்தைக் குறைக்க, கொக்கலக்காரர்கள் தங்கள் சொந்த வீட்டிலிருந்தே தூரமாகிப் போனார்கள். நாவல் நடக்கும் காலம் அதற்கு முந்தையது, விமானத்தைப் பற்றியதும் அல்ல. ஆனாலும் இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

1944ல் லிபரேட்டர் என்ற நாலு எஞ்சின் விமானங்கள் வந்தன. தண்ணீரில் இறங்காது, கொழும்பு அருகே இரத்மலானை ஓடுதளத்துக்கு வரும். கேட்டலினா எடுத்துக்கொண்டதில் கிட்டத்தட்ட பாதி நேரம்தான். குவாண்டாஸின் கங்காரு சின்னம் முதலில் வரையப்பட்டது இந்த லிபரேட்டர் மேல்தான். 1945ல் லங்காஸ்ட்ரியன் விமானங்கள் சிட்னியிலிருந்து இரத்மலானை, கராச்சி வழியாக லண்டனுக்கு மூன்று நாளில் போயின. 1947 டிசம்பரில் வந்த கான்ஸ்டலேஷன் விமானங்கள் பழையபடி சிங்கப்பூர் வழியாகத்தான் போயின. ஜப்பான் போய்விட்டது, இலங்கையின் அவசியமும் போய்விட்டது.

2018 மார்ச்சில் குவாண்டாஸ் பெர்த்திலிருந்து லண்டனுக்கே நேராக விமானம் விட்டது. ஏறக்குறைய 14,500 கி.மீ., 17 மணி நேரம். கொக்கலவுக்கு வருவதற்கு ஆன நேரத்தை விடக் குறைவு! 2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்குச் சோதனையாக ஒரே மூச்சில் பறந்தபோது 19 மணி 19 நிமிடம் ஆனது. அந்தத் திட்டத்துக்குக் குவாண்டாஸ் 'சன்ரைஸ்' என்று பெயர் வைத்தது 1943ஐ நினைத்துத்தான். தூரத்தில் எத்தனையோ பேர் முந்திவிட்டார்கள். கடிகாரத்தில் 32 மணி 9 நிமிடத்தை எந்தப் பயணிகள் சேவையும் இன்னும் தொடவில்லை.

வழி அடைபட்டால் நேரம் நீளும் என்பதற்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி நேர்க்கோட்டில் 185 கி.மீ. கூட இல்லை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் டகோட்டாவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு விட்டது. பிறகு போர் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கடலுக்கு இந்தப்பக்கம் வர, தெற்கே ஏறக்குறைய 400 கி.மீ. தரைவழியில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறி, தான் புறப்பட்ட ஊர்ப்பக்கமாகவே திரும்பப் பறந்து வரவேண்டும். ஏ-9 சாலை மூடியிருந்த காலங்களில் அதுவும் இல்லை. 2019 அக்டோபரில் பலாலி மறுபடி சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, அடுத்த மாதமே சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஓடியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் விட்டார்கள். கேட்டலினாவில் போனால் கூட ஒரு மணி நேரத்தில் வந்திருக்கக்கூடிய தூரம், நாற்பது வருடம் எடுத்துக்கொண்டது.

அந்த ஐந்து கேட்டலினாக்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அவை அமெரிக்கா கடன்-குத்தகை ஒப்பந்தத்தில் கொடுத்தவை. போர் முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லை அழிக்க வேண்டும், வியாபாரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே ஐந்தையும் ஆஸ்திரேலியக் கரையில் கடலுக்குக் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை கிடப்பது பெர்த்துக்கு எதிரே ராட்னெஸ்ட் தீவுப் பக்கம், எந்தக் கடலை 271 தடவை விழாமல் தாண்டினவோ அதே கடலின் அடியில்.